முதலில் செய்ய வேண்டியது

அந்த ஐப்பசியில் மழை தினமும் மூன்று மணிக்கு வந்தது. காங்கேயத்திலிருந்து சென்னிமலை போகும் ரோட்டில் எண்ணெய் மில்லுகளை ஒட்டிய களங்களில் காய்ந்துகொண்டிருக்கும் தேங்காய்ப் பருப்பை மூட, இரண்டரைக்கே பெண்கள் தார்ப்பாயும் கையுமாக நின்றார்கள். ஒரு தூறல் விழுந்தாலும் பருப்பில் பூஞ்சணம் பிடித்துவிடும். வானத்தைப் பார்த்துப் பார்த்தே அந்த மாதம் முழுக்க எல்லாருக்கும் கழுத்து வலித்தது.

களத்துக்குப் பின்னால், மில்காரர் கட்டிவிட்ட ஓட்டு வீடுகளில் கடைசி வீடு எழிலுடையது. தம்பிதுரையின் மில்லில் ஒன்பது வருடமாக லாரி ஓட்டுகிறவன். எண்ணெய் டின்களை ஏற்றிக்கொண்டு பாலக்காடு தாண்டி திருச்சூர், கொச்சி வரைக்கும் போய் வருவான். அவன் மனைவி மெர்சி அதே களத்தில் பருப்புப் புரட்டிய தாய்க்குப் பிறந்தவள். கோவையில் உளவியல் முதுகலை படித்துவிட்டு, திருப்பூர் ரோட்டில் ஒரு குடிநோய் மீட்பு இல்லத்தில் நான்கு வருடமாக ஆலோசகராக இருந்தாள். வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அதற்கு அந்த நாட்டின் உரிமத் தேர்வில் தேற வேண்டும். நூற்றைம்பது கேள்வி, மூன்று மணி நேரம், கோவையில் கணினி மையம். தேதி நவம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை.

படிப்பு சொல்லிக்கொடுத்தவர் கோவை ஆர்.எஸ்.புரத்தில் இருந்த சாஜிதா பேகம். மனநலப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் செல்போனிலேயே வகுப்பு எடுத்தார். ஆறு மாணவர்கள். எல்லாருக்கும் அவர் முதல் நாள் சொன்னது ஒன்றுதான்.

"கேள்வில 'முதலில்'ங்கற வார்த்தை வந்துச்சுனா சித்த நேரம் கைய எடுத்துருங்க. நாலு விடையுமே சரியாத்தான் இருக்கும். நல்ல கவுன்சிலர் நாலையும் செய்வாங்க. எத முதல்ல செய்யறீங்க, அதுக்குத்தானுங்க மார்க்கு."

லோடு இல்லாத நாட்களில் மாதிரிக் கேள்விகளைப் படித்துக் காட்டுவது எழிலின் வேலை. டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அவன் படிக்க, அவள் தமிழில் சொல்ல, இரண்டு மாதத்தில் அவனே தமிழாக்கிச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஏழு வயது மகள் ஷ்ரவ்யா ஞாயிறு வகுப்புக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தாள். மெர்சி இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழிந்துகொண்டிருந்தாள். எப்போதும் எழில்தான் பிழிவான். வெந்த மாவு ஆறுவதற்குள் பிழியும் கட்டையை அழுத்த ஆண் கை வேண்டும். அன்றைக்கு அவன், "நீ பிழி, நான் படிக்கறேன்" என்று செல்போனை எடுத்துக்கொண்டு அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்றான்.

"நாப்பதாவது கேள்வி. ஒரு அம்மா, வயசு அம்பத்திரெண்டு. ஊட்டுக்காரரு போயி மூணு வாரமாச்சு. சோறு எறங்கறதில்ல. அவரு சட்டைய மடிச்சு வெக்கறாங்க, பொறகு எடுத்துத் திருப்பி மடிக்கறாங்க. கவுன்சிலர் முதல்ல என்ன செய்யோணும்? ஏ, மருந்துக்கு டாக்டர்கிட்ட அனுப்பறது. பி, அவிய பேசறதக் குறுக்க பேசாமக் கேக்கறது. சி..."

"பி."

"முழுசாப் படிக்க உடு புள்ள."

"பிதானுங்க. மூணு வாரத்துல அது சீக்கு இல்ல, துக்கம். அடுத்தது?"

எழில் செருமிக்கொண்டான்.

"நாப்பத்தொண்ணு. ஒரு டிரைவர். வயசு முப்பத்தாறு. ஆடி மாசத்துல அவன் வண்டில ஒரு பெரியவரு வந்து உழுந்து செத்துப்போட்டாரு. டிரைவர் மேல தப்பில்லைனு போலீசே சொல்லிட்டாங்க. ஆனா அவனுக்குத் தூக்கமில்ல. அந்தப் பெரியவரு கைல ஒரு சோத்துத் தூக்குப்போசி இருந்துச்சு. அதோட மூடி ரோட்டுல உருண்டு போற சத்தம் வண்டில உக்காந்தாலே கேக்குது. இப்பப் பாலத்து மேல போறப்பெல்லாம், ஸ்டியரிங்க அக்கட்டத் திருப்பிப்போடுன்னு கை சொல்லுது. முதல்ல என்ன செய்யோணும்?"

மெர்சி கட்டையை அழுத்திக்கொண்டே சொன்னாள். "விபத்து அதிர்ச்சி. ஆனா 'முதல்ல'ன்னு கேட்டா அது இல்ல. சாகோணும்னு நெனப்பு இருக்குதான்னு நேராக் கேக்கோணும். ஆப்ஷனப் படிங்க."

"ஆப்ஷன் இல்ல மெர்சி."

அவள் திரும்பினாள். அவன் கையிலிருந்த செல்போனின் திரை அணைந்திருந்தது. எப்போது அணைந்ததோ. ஆடியில் எழிலின் லாரியில் நடந்த விபத்து அவளுக்குத் தெரிந்ததுதான், ஆனால் கேள்வியாகக் காதில் விழுந்தபோது அது உறைக்கவில்லை.

சந்தகை இழைகள் பாதி தட்டிலும் பாதி அச்சிலுமாகத் தொங்கின. மீட்பு இல்லத்தில் அந்தக் கேள்வியை அவள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். குரல் எப்படி இருக்க வேண்டும், கண் எங்கே இருக்க வேண்டும் எல்லாம் தெரியும். இப்போது வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. 

"செத்துப்போலாம்னு தோணுதுங்களா?"

அழுகை கலந்த அந்தக் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சாகோணும்னு இல்ல. அந்தச் சத்தத்த நிறுத்தோணும். அவ்வளவுதான்."

"எத்தன நாளா?"

"சத்தம் ஆடில இருந்து. கை சொல்றது... தீவாளிக்கு அப்பறம்."

"கடைசியா எப்ப?"

"வெள்ளிக்கெழம. கொச்சில இருந்து வாரப்ப. மூணு தடவ."

வெள்ளிக்கிழமை அவள் முழு மாதிரித் தேர்வு எழுதி, நூற்றைம்பதுக்கு நூற்றுப்பதினெட்டு வாங்கி, அதை அவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன், "ஜம்முனு எழுதியிருக்கற போ" என்றான். அப்போது எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தானோ.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"நீ பரீச்சைய எழுதிப்போடட்டும்னு இருந்தேன். நீ தேறிட்டீனா பாப்பாவையும் அங்க கூட்டிக்குவ. உங்க ரெண்டு பேருக்கும் ஒரு வழியாயிரும். அப்பறம்..."

 மற்ற எல்லாவற்றையும்விட அந்த 'அப்பறம்'தான் மெர்சியை நடுங்க வைத்தது.

சுவரில் மணி பத்தே முக்காலைக் காட்டியது. எழில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்தான்.

"சர்ச் உட்டுருக்கும். பாப்பாவக் கூட்டியாறேன்."

மெர்சி சாவியின் மேல் கையை வைத்தாள். மாவு அப்பிய கை. அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"பாப்பாவ ஒண்ணும் பண்ண மாட்டேன்டி" என்றான். குரல் உடைந்துபோயிருந்தது.

"தெரியுமுங்க. நானும் வாரேன். நடந்தே போலாம்."

தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேறிப் பாதை வழியாக நடந்தார்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி.  திரும்பும்போது ஷ்ரவ்யா நடுவில் நடந்து, இரண்டு பேர் கையையும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, சர்ச்சில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மெர்சிக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

அப்பாவும் மகளும் தேங்காய்ப்பால் ஊற்றிச் சந்தகை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர்கள் தன் கண்ணில் படும்படி மெர்சி வாசலிலேயே நின்று சாஜிதா பேகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த எடுப்பில் அழுகைதான் வந்தது. அவர் பொறுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது, "லாரி சாவி யாருகிட்டங்க இருக்குது?"

"அவருகிட்டத்தானுங்க மேடம்."

"அடுத்த லோடு எப்ப?"

"நாளைக்கு வெள்ளன. திருச்சூரு."

"அந்தச் சாவி இன்னிக்கே மில்லுக்குப் போயிரோணும். ஊட்டுல பூச்சிமருந்து, கயிறு, தேவையில்லாத மாத்திர எது இருந்தாலும் அக்கட்டால கொண்டுபோயிருங்க. நாளைக்கு ஒம்போது மணிக்கு மனநல டாக்டர் மோகனப்பிரியாவப் பாக்கறீங்க, நான் பேசிப்போடறேன். அதுக்குள்ள ரொம்ப முடியலீன்னா பதினாலு நாப்பத்திநாலு பதினாறுனு... இருங்க, ஒண்ணு, நாலு, நாலு, ஒண்ணு, ஆறு. எழுதிக்குங்க. கவர்மெண்டு மனநல உதவி நம்பரு, எந்நேரமும் எடுப்பாங்க."

"மேடம், நான் அவருகூடப் பேசி, கொஞ்சம் கொஞ்சமா..."

"மெர்சி, நீங்க அவருக்கு வைத்தியம் பாக்கக் கூடாது. உங்களால ஆகாதுங்க. நீங்க அழுவறது எனக்கு இங்க கேக்குது."

"பக்கத்துலயே இருந்தேனுங்க மேடம். தெரியாமப் போச்சே."

"நெம்பப் பக்கத்துல இருந்தாத் தெரியறதில்லைங்க."

"சனிக்கெழம நான் எழுதறதுங்களா வேண்டாமுங்களா?"

"அது இப்பத்திக்குக் கேள்வியே இல்லைங்க. சாவிய வாங்குங்க போங்க."

சாவியை வாங்குவது சுலபமாக இருக்கவில்லை. எழில் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாத. மண்டைல கோளாறுனு ஒருக்காப் பேரு வந்துட்டா எவனும் வண்டி குடுக்க மாட்டான். பருப்புக்குக் கந்தகப் பொகை போடற கூலிக்குத்தான் போகோணும்."

"ஒடம்பு சரியில்லைனு மட்டும் சொல்றனுங்க. வேற ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் சாவியை எடுத்து நீட்டினான். விரல்கள் விட மாட்டேன் என்றன. மெர்சி இழுக்கவில்லை. கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அது உள்ளங்கையில் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பாவாத்தாளைக் கூப்பிட்டு, "நான் வர்ற வரைக்கும் இவருகூடப் பழமை பேசிட்டு இருங்கக்கா" என்று உட்கார வைத்துவிட்டு மில்லுக்கு ஓடினாள்.

அவள் களத்தை எட்டும்போது மேற்கே மழைக் கருக்கல் கட்டிவிட்டது. பெண்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆள் குறைவு. தம்பிதுரையே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்திருந்தார்.

"மெர்சி அம்மணி, அந்த மூலையப் புடி, புடி!"

அவளும் பிடித்து இழுத்தாள். காற்று பாயைத் தூக்கியது. கல்லை வைத்து அமுக்கிவிட்டு நிமிரும்போது முதல் துளிகள் விழுந்தன. இருவரும் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். அவள் சாவியை நீட்டினாள்.

"அவருக்கு ஒடம்பு சரியில்லைங்க. கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்ட முடியாதுங்க."

"என்ன ஒடம்புக்கு? காச்சலா?"

"இல்லைங்க."

"பின்ன? நாளைக்கு லோடு ஏத்தி நிக்குது. திடீர்னு வந்து சாவியக் குடுத்தா?"

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். காரணம் சொல்வதில்லை என்று எழிலுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மழை தார்ப்பாயின் மேல் சடசடவென்று அடித்தது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். தம்பிதுரை சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லோடு இருக்கற நாளெல்லாம் வெள்ளன வந்து வண்டில ஏறி உக்காருவான்" என்றார் மெதுவாக. "ஸ்டார்ட் பண்ண மாட்டான். அர மணி நேரம், முக்கா மணி நேரம் சும்மா உக்காந்திருப்பான். நான் மேல ஆபீஸ்ல இருந்து பாப்பேன். சாமி கும்புடறான்னுதான் முதல்ல நெனச்சேன்."

"கேக்கலீங்களா?"

"கேக்கல. கேட்டா எதையாச்சும் சொல்லிப்போடுவானோன்னு இருந்துச்சு." அவர் சாவியை மடியில் முடிந்துகொண்டார். "லோடுக்கு டிரைவர் முஸ்தபாவ அனுப்பிக்கறேன். நீ கூட்டிட்டுப் போயிப் பாரு. யாராச்சும் கேட்டா முதுகு வலின்னு சொல்லிக்கலாம்."

மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினாள். வாசலில் பாவாத்தாள் யாருடைய மாட்டைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருக்க, எழில் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

திங்கட்கிழமை டாக்டர் மோகனப்பிரியா எழிலை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். மெர்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் இது போன்ற பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்களிடம் அவள், 'வெசனப்படாதீங்க' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல் அவர்களுக்கு ஒன்றுமே செய்திருக்காது என்று இப்போது தெரிந்தது. ஐம்பது நிமிடம் கழித்து வெளியே வந்தவனின் கண் சிவந்திருந்தது. மாத்திரை கொடுத்திருந்தார்கள். வாரம் இரண்டு முறை வர வேண்டும். எந்த வண்டியும் ஓட்டக் கூடாது.

"என்னங்க கேட்டாங்க?"

"நீ கேட்டதையேதான். ஆனா அவிய அழுவல."

அந்த வாரம் முழுக்க மெர்சி லீவு போட்டாள். பயம் ஒரு ஆளைப் போல வீட்டுக்குள் உலாவியது. அவன் குளிக்கப் போனால் தண்ணீர் விழும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி நின்றாள். சத்தம் நின்றால், "ஏனுங்க, சோப்பு இருக்குதுங்களா?" என்பாள். அவன், "இருக்குது" என்பான். கொஞ்ச நேரத்தில், "துண்டு இருக்குதுங்களா?" என்பாள். வியாழக்கிழமை அவன் உள்ளேயிருந்தே, "எல்லாம் இருக்குது புள்ள, நானும் இருக்கறேன்" என்றான். அவள் அரிசியும் பருப்புஞ்சாதத்துக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அழுததற்கு வெங்காயத்தைச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

புத்தகத்தை அவள் தொடவில்லை. வெள்ளிக்கிழமை எழிலே அவளுடைய ஹால் டிக்கெட்டை எடுத்துப் பையில் வைத்தான்.

"நீ எழுதோணும். என்னால கெட்டுதுனு ஆகக்கூடாது. நானும் கூட வாரேன்."

சாஜிதா பேகம், "அவருக்கு வரோணும்னு இருந்தாக் கூட்டியாங்க" என்றார். ஷ்ரவ்யாவைப் பாவாத்தாளிடம் விட்டுவிட்டுச் சனிக்கிழமை காலை பஸ் ஏறினார்கள். பல்லடம் தாண்டி, ஒரு பெட்ரோல் பங்குக்கு முன்னால் எழில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தான். விரல் மூட்டுகள் வெளுத்தன.

"இங்கத்தான்."

நான்கு மாதமாக அந்த வழியில் பலமுறை போயிருக்கிறாள். எந்த இடம் என்று அவள் கேட்டதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு புளியமரம், தகரக் கூரை போட்ட டயர் கடை, ஈரமான தார் ரோடு. அவன் கையின் மேல் கையை வைத்தாள். சிங்காநல்லூர் வரும் வரைக்கும் எடுக்கவில்லை.

தேர்வு மையம் அவினாசி ரோட்டில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடி. எதிரே மேம்பாலத் தூண்கள். கீழே பேக்கரி. "ஒரு மணிக்கு வந்துருவேன். இங்கயே இருங்க, எங்கயும் போகாதீங்க" என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு லிப்டில் மேலே போனாள். செல்போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

முதல் ஐம்பது கேள்வி எப்படியோ போயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு கேள்வியும் அவன் குரலில் கேட்டது. கண்ணாடி மூடிய ஜன்னலையும் மீறி லாரிகளின் ஹாரன் சத்தம் வந்தது. ஒரு இடத்தில் நீளமாக பிரேக் கிறீச்சிட்டது. அறையில் யாரும் தலை தூக்கவில்லை. மெர்சியின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. யாராவது கத்துகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. அடுத்த கேள்வியைப் படித்தாள். எழுத்துகள் இருந்தன, பொருள் இல்லை. முப்பத்தொரு கேள்வியைத் தொடாமலே 'முடி' என்ற பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து, செல்போனை வாங்கிக்கொண்டு லிப்டுக்கு ஓடினாள்.

அந்த முறை அவள் தேறவில்லை. மார்ச்சில் மறுபடி எழுதித் தேறினாள். ஆனால் வளைகுடாவுக்கு உடனே கிளம்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் தவணை கேட்டுக்கொண்டாள். எழில் மில்லில் எடைபோடும் இடத்தில் வேலை பார்த்தான். மூடி உருளும் சத்தம் முதலில் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்று குறைந்தது. முழுக்கப் போய்விட்டதாக அவன் ஒருநாளும் சொல்லவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு லிப்டில் கீழே இறங்கும்போது அவளுக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

பேக்கரி முன்னால் எழில் இல்லை.

உள்ளே பார்த்தாள். இல்லை. போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள்.

"அண்ணா, ஊதா சட்டை போட்டு ஒருத்தரு இங்க நின்னாருங்களே?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் யோசித்தார். "ஆமாங்க. நெம்ப நேரமா ரோட்டையே பாத்துட்டு நின்னாரு. அப்பறம் ஆளக் காணமுங்க. ஒரு மணி நேரமிருக்கும்."

மெர்சி ரோட்டின் ஓரத்துக்கு ஓடினாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். எங்கேயும் கூட்டம் கூடியிருக்கவில்லை. தலையை உயர்த்தி மேம்பாலத்தைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவருக்கு மேலே வண்டிகளின் கூரைகள் ஓடிக்கொண்டிருந்தன. "ஏனுங்க!" என்று கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, ஏம்மா!" கட்டடத்துக் காவலாளி பின்னாலிருந்து கையைத் தட்டினார். "நீங்க தேடறது ஊதா சட்டைங்களா? மாடிப்படில ஒருத்தரு உக்காந்திருக்கறாரு. சம்சாரம் மேல பரீச்ச எழுதுது, இங்கயே உக்காந்துக்கட்டுங்களான்னாரு. போன் சத்தத்த நான்தான் அமத்தச் சொன்னனுங்க."

அவள் படிகளில் ஓடினாள். முதல் மாடி. இரண்டாவது மாடி. மூன்றாவது மாடிக்குத் திரும்பும் இடத்தில், சுவரோடு சுவராக, முழங்காலைக் கட்டிக்கொண்டு எழில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

மெர்சி இரண்டு படி கீழேயே நின்றுவிட்டாள். கைப்பிடிக் கம்பியை விட முடியவில்லை.

"அங்க நிக்க முடியல மெர்சி" என்றான். "லாரி லாரியா வருது. காலு தன்னால முன்னாடி போயிருமோன்னு இருந்துச்சு. எனக்கு என்னமோ ஆயிருமோன்னு பயம் வந்துருச்சு. ஓடியாந்துட்டேன்."

இந்த ஒரு வாரத்தில் அவன் தூக்கமில்லை என்று சொல்லியிருக்கிறான், சத்தம் என்று சொல்லியிருக்கிறான், கை என்று சொல்லியிருக்கிறான். பயம் என்று சொன்னது இதுதான் முதல் முறை.

"நெம்பப் பயமா இருந்துச்சு புள்ள."

"ஆமாங்க" என்றாள் அவள்.

அவன் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "மணி இன்னும் ஆகலியே. முழுசும் எழுதிட்டியா?"

"இல்லைங்க."

"ஏன்?"

ஆலோசகராகப் பேசிப் பழகிய வாய்க்கு வேறு என்னென்னவோ வந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் உள்ளதைச் சொன்னாள்.

"எனக்கும் பயமா இருந்துச்சுங்க."

எழில் சுவரை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்து, படியில் அவளுக்கு இடம் விட்டான்.